வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

அவுஸ்திரேலியாவின் டண்டினொங் புறநகரில் என் அக்கா குடும்பம் வாழ்ந்த செங்கல் வீட்டின் கராஜில், நீலக் கோடு போட்ட பழைய படுக்கை விரிப்பு ஒன்றின் கீழே, மரக்கட்டைகளின் மீது ஒரு கார் எஞ்சின் சில ஆண்டுகள் கிடந்தது. உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் அதே கராஜின் மூலையில் இருந்தபடியால், அதைச் சுற்றித்தான் எல்லோரும் போய்வர வேண்டியிருந்தது. ஆனாலும் யாரும் உடுப்புக் கூடையை அதன் மீது வைத்ததில்லை. விரிப்பை விலக்கிப் பார்த்ததும் இல்லை. எஞ்சினை இழந்த கார் பக்கத்திலேயே முன்மூடி சாத்தியபடி நின்றது. வெளிர்சாம்பல் நிறம், உருண்ட முகம், பளபளக்கும் கண்ணாடிகள். வீட்டுக்கு வந்தவர்கள் வடிவான கார் என்று மெச்சுவார்கள். அத்தான் "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர்களைத் தேநீருக்கு அழைத்துப் போய்விடுவார்.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாண நகரத்தில் சொந்தமாக ஒரு வாடகைக் கார் வைத்து ஓட்டியவர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் நாட்டை விட்டு வந்து, டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற பகுதியில் வேலைக்கு அமர்ந்தார். நான் சில ஆண்டுகள் பிந்தி வந்து, ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை பெற்று, அருகிலிருந்த கிளென் வேவர்லியில் தனியாகக் குடியிருந்தேன். வார இறுதிகளில் அக்கா வீட்டில் இருப்பேன். அளவாகப் பேசுகிற மனிதர் அத்தான். ஆனால் அந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்த நாளில் அவரது பேச்சு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவர் ஓட்டியதும் ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட இதே வகைக் கார்தான். ஆனால் அது பல கைமாறி, பல எஞ்சின்கள் மாறி வந்த கார். "என்ர காரில அதோட பிறந்த ஆணி ஒண்டும் மிஞ்சேல்லை. இதைப் பாருங்கோ, உடம்பில அடிச்ச நம்பரும் எஞ்சினில அடிச்ச நம்பரும் ஒண்டு. பிறந்தபடி இருக்குது" என்று எங்களை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஓர் அவுஸ்திரேலிய முதியவர் நாற்பது ஆண்டுகளுக்குக் கிட்ட ஒரே கையில் வைத்திருந்து விட்டுப்போன கார் அது.

முதல் வெள்ளிக்கிழமை நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்துக் கார் தரிப்பிடத்தில் வெள்ளிக்கிழமை என்றால் காருக்கு முழுக்கு. கழுவித் துடைத்து, ரேடியேட்டரில் இருக்கிற பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் வார்த்து, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் முதல் பயணம். அத்தான் அந்த வழக்கத்தை இங்கேயும் தொடங்கினார். ரேடியேட்டரின் அடியிலிருந்த குழாயைத் திறந்ததும் பச்சைப் பசேலென்று தண்ணீர் வந்து முற்றத்துச் சீமெந்தில் ஓடியது. அவர் முகம் சுளித்தார். "பாவம், மனுசன் கடைசிக் காலத்தில கவனிக்கேல்லைப் போல. கேணித் தண்ணி மாதிரிப் பாசி பிடிச்சுக் கிடக்குது" என்றார். பச்சை முழுதும் போகும்வரை குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரை நிறைத்தார். அதன் பிறகு ஒரு வெள்ளி தவறியதில்லை. டண்டினொங்கின் குளிர் எந்த ஆண்டும் தண்ணீரைக் கட்டியாக்குகிற அளவுக்குப் போகாததால் அந்த வழக்கம் எந்தக் கேள்வியும் இல்லாமல் நீண்டது.

அவருக்கு ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு குளிர்காலத்தில் தோழிகளோடு பனிமலை பார்க்கப் போக அந்தக் காரைக் கேட்டாள். வீட்டில் நாளாந்தம் ஓட்டுகிற புதுக் கார் அல்ல, இந்தக் கார்தான் வேண்டும் என்றாள். தோழிகள் அதில் படம் எடுத்துக்கொள்ள விரும்பினார்கள். அத்தான் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். மலையில் ஒரு விடுதியின் முற்றத்தில் கார் இரவு முழுதும் பனியில் நின்றது. மறுநாள் இறங்கி வருகிற வழியில் எஞ்சின் கொதித்து, புகைந்து, அடங்கிப்போனது. இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். அத்தான் முன்மூடியைத் திறந்து பார்த்தார். எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

அன்று அவர் மகளிடம் சொன்னதை நான் அடுப்பு வேலையை விட்டுக் குசினி வாசலில் நின்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. "உன்னை நம்பி ஒரு ஆட்டுக்குட்டியைக் கூட விட்டிட்டுப் போகேலாது" என்றார். பிறகு, "நீ பிறக்க முதலே அந்த மனுசன் அதைப் பவுத்திரமா வைச்சிருந்தவன். உனக்கு ஒரு இரவு போதுமாயிருந்திட்டுது" என்றார். அவள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி, இடையில் நிறுத்தி, மேலே போய்விட்டாள். அந்த ஆண்டு முடிவதற்குள் தோழிகளின் வீட்டுக்குக் குடிபோனாள். படிப்பு முடிந்ததும் சிட்னியில் வேலை எடுத்துக்கொண்டாள். தாயோடு தொலைபேசியில் பேசுவாள், தகப்பன் எடுத்தால் "அம்மா நிக்கிறாவோ?" என்பாள். அவ்வளவுதான். அத்தான் எஞ்சினைக் காரிலிருந்து கழற்றி மரக்கட்டையில் வைத்து விரிப்பால் மூடியது அந்தக் காலத்தில்தான். வெள்ளிக்கிழமைகளில் காரை மட்டும் தொடர்ந்து துடைத்தார்.

ஓர் இரவு அக்காவின் மகள், என் பெறாமகள், என்னோடு நெடுநேரம் பேசியபோது யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "சின்னம்மா, சூடு காட்டுற ஊசி சிவப்புக்குப் போனதை நான் கண்டனான். ரோட்டு ஒடுக்கம், பின்னால காருகள். நிப்பாட்டப் பயமாயிருந்தது. கீழ போய் நிப்பாட்டுவம் எண்டு கார் ஓடினனான். அப்பா சொன்னது சரிதான்." அப்பாவிடம் இதைச் சொல்வதுதானே என்றேன். "என்னத்துக்கு? அவருக்கு ஏற்கனவே தெரிஞ்சதைத் திருப்பிச் சொல்லுறதுக்கோ?" என்றாள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் தன் வாயால் சொல்ல வேண்டியதை இன்னொருவர் கொண்டுபோய்ச் சேர்த்தால், சொன்னதன் பெறுமதி பாதி வழியிலேயே சிந்திப்போகிறது என்பது என் நம்பிக்கை.

அத்தானோடு தொழிற்சாலையில் வேலை செய்த பொறியியலாளர் ஒருவர் இருந்தார். மலேசியத் தமிழர், மாணவராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவரும் அதே வகைப் பழைய கார் ஒன்று வைத்திருந்தார். உதிரிப் பாகங்களுக்கென்று இன்னொன்றையும் வாங்கிப் போட்டிருந்தார். மகள் ஓட்டி எஞ்சின் போன கதையை அவரும் கேள்விப்பட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்த இடத்தில், யாரிடமும் கேட்காமல் கராஜுக்குள் போய் விரிப்பைத் தூக்கிவிட்டார். நான் அப்போது உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அடடா, அண்ணே, ஒரிஜினல் எஞ்சின் இல்லையா இது? இப்படியா போட்டு வெச்சிருக்கீங்க?" என்று குனிந்து, வெடிப்பின் மீது விரலை ஓட்டினார். "இது சூட்டுல வெடிச்சது இல்லலா. உள்ளேயிருந்து தள்ளியிருக்கு, பாருங்க, உதடு வெளிய மடிஞ்சிருக்கு. ஐஸ் கட்டியிருக்கு. ரேடியேட்டர்ல கூலண்ட் என்னா ஊத்தினீங்க?"

"நல்ல தண்ணிதான்" என்றார் அத்தான்.

"நல்ல தண்ணின்னா?"

"பைப் தண்ணி. வெள்ளிக்கு வெள்ளி மாத்துவன். ஒரு கிழமை பிந்த மாட்டன்." அதைச் சொன்னபோது அவரது குரலில் பெருமை இருந்தது. நண்பர் நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், மீண்டும் எஞ்சினைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அத்தானுக்குப் பெருமை வடிந்து ஏதோ உறைத்திருக்க வேண்டும். மெதுவாக, "வாங்கேக்க பச்சையா ஒரு தண்ணி கிடந்தது. பாசி எண்டு நினைச்சு..." என்று நிறுத்தினார்.

"பாசி இல்லண்ணே. தண்ணி உறையாம இருக்கப் போடுற மருந்து அது. துருவும் பிடிக்காது." நண்பர் அதை மிகவும் மெல்லச் சொன்னார். அத்தான் விரிப்பை இழுத்து வெடிப்பை மூடப் பார்த்தார். நண்பர் உடனே குரலை மாற்றிக்கொண்டார். "சரி விடுங்க. நடந்தது நடந்துச்சு. என்கிட்ட ஒரு எஞ்சின் சும்மா கெடக்கு, நல்ல எஞ்சின். தூக்கி வெச்சா ரெண்டு நாள்ல உங்க காடி திரும்ப ரோட்டுல ஓடும். பாலரட் ஊர்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான், அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அவனை நிறுத்தி வெக்கிறேன். இந்தப் பழசை இரும்புக் கடையில போட்டுருவோம். ஏன் வெடிச்சுது, எப்படி வெடிச்சுதுன்னு அதுக்கப்புறம் எவன் கேக்கப் போறான்? யாருக்கும் தெரிய வேணாம்ணே."

அது கருணையால் பிறந்த யோசனை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால்தான் அது ஆபத்தாகவும் இருந்தது. பழைய எஞ்சினைத் திருத்துவதென்றால் அதை முழுதாகத் திறக்க வேண்டும். வெடிப்பு உள்ளே பிஸ்டன் ஓடுகிற உருளைவரை போயிருக்கிறதா என்று பார்த்துத்தான் தைக்க முடியுமா என்று சொல்ல முடியும்; வார்ப்பிரும்பைச் சூடாக்கி ஒட்டினால் வேறிடத்தில் வெடிக்கும், சிறு ஆணிகளை வரிசையாக முறுக்கி இறக்கித்தான் தைக்க வேண்டும் என்று நண்பர் விளக்கினார். அத்தனை உழைப்பும் வீணாகவும் போகலாம். திறந்தாலோ, பல ஆண்டுக் குழாய்த் தண்ணீர் உள்ளே என்ன செய்திருக்கிறது என்பது எல்லோர் கண்ணிலும் படும். திறக்காமல் எறிந்துவிட்டால், அதை உடைத்தவள் மகள் என்ற கதையே என்றைக்கும் நிலைத்துவிடும். அத்தான் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது என்பது கராஜில் நின்ற எங்கள் மூவருக்கும் விளங்கியிருந்தது.

அடுத்த சனி வரையான அந்தக் கிழமை முழுதும் வீட்டில் எல்லோரும் மெல்ல நடந்தார்கள். நான் விடுமுறை எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கினேன். அக்காவுக்கு உண்மை தெரியாது. புது எஞ்சின் என்ற செய்தி மட்டும் தெரியும். அவள் மகிழ்ந்துபோனாள். "அந்தச் சனியனை முதல் வெளியில எறியுங்கோ. அது கிடக்கு மட்டும் என்ர பிள்ளை இந்த வாசற்படி மிதிக்க மாட்டாள். செத்த வீடு மாதிரி இரும்புக்குத் துடக்குக் காக்கிற வீடு உலகத்தில எங்கட வீடு ஒண்டுதான்" என்று சோற்றைப் போட்டபடியே சொன்னாள். அத்தான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தார், வாயில் வைக்கவில்லை. அன்றே அவள் சிட்னிக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொல்லிவிட்டாள். சற்று நேரத்தில் என் பெறாமகள் என்னை அழைத்தாள். "அப்பா அந்த எஞ்சினை எறியப் போறாராம். நல்லது. இனி என்னை நினைக்கிறதுக்கு அவருக்கு அந்த வீட்டில ஒண்டும் இல்லை" என்றாள். சிரிக்க முயன்றாள் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வாயெடுத்தேன். "உன்ர அப்பா இன்னும் முடிவெடுக்கேல்லை" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அத்தான் வேலை முடிந்து வந்து, வழமைபோல் வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு கராஜுக்குள் போனார். காரைத் தொடவில்லை. வாளியில் தண்ணீரைப் பிடித்து எஞ்சினுக்கு முன்னால் வைத்துவிட்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் தேநீர் கொண்டுபோனேன்.

"நீர் எல்லாம் வாசிக்கிற ஆள். நீர் என்ன நினைக்கிறீர்?" என்றார்.

"திறந்து பாக்கிறது நல்லது, அத்தான்."

"திறந்தா அவளுக்குத் தெரிய வரும்."

"ஓம்."

"நான் சொன்ன சொல்லு உமக்கு ஞாபகமிருக்கோ? ஆட்டுக்குட்டி."

"இருக்கு."

"அவளுக்கும் இருக்கும்." வாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "தெரியாமச் செய்தது எண்டு சொல்லலாம், என்ன? அது உண்மையும்தான். ஆனா கேக்காமச் சொன்னதுக்கு என்ன காரணம் சொல்லுறது? 'என்ன நடந்தது பிள்ளை' எண்டு ஒரு வார்த்தை நான் கேக்கேல்லை." தேநீர் ஆறிப்போனது. அவர் கேட்டது என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இல்லை. சிறிது நேரத்தில் எழுந்து போய், வாளித் தண்ணீரைப் பூச்செடிகளுக்கு ஊற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் நண்பர் சிறிய லொறியில் மாற்று எஞ்சினை ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார். அதை இறக்க விடாமல் அத்தான் லொறியின் பின்கதவில் கையை வைத்தார். "தம்பி, கோவிக்காதையும். இதைப் பாலரட் ஆளுக்குக் குடுத்துவிடும். நாங்கள் எங்கடையைத் திறப்பம்." நண்பர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, திறந்தா மூட முடியாதுலா. யோசிச்சீங்களா?" அத்தான் சொன்னார்: "ஒரு கிழமையா வேற என்னத்தைச் செய்தனான்?" குசினி யன்னலில் நின்ற அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்று மாலை அவரே சிட்னிக்குத் தொலைபேசி எடுத்தார். "வாற சனிக்கிழமை எஞ்சினைத் திறக்கிறம். நீ நிக்க வேணும்." அவ்வளவுதான் பேசினார். அவள் என்னை அழைத்து, "எல்லாருக்கும் முன்னால வைச்சு விசாரணையோ, சின்னம்மா?" என்று கேட்டாள். ஆனால் வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல், மேலங்கியைக் கழற்றாமல், கராஜ் கதவோரம் நின்றாள். எந்த நேரமும் போய்விடலாம் என்ற நிலை. அக்கா நீட்டிய பலகாரத் தட்டைக் கையால் மறித்தாள்.

நண்பரும் அத்தானும் வேலையைத் தொடங்கினார்கள். எஞ்சினின் தலைப்பகுதி கழன்றது; கொதித்த சூட்டில் அது வளைந்திருந்தது. பக்கவாட்டில் இருந்த வட்டத் தகடுகளை நண்பர் நெம்பி எடுத்ததும், தண்ணீர் ஓடுகிற அறைக்குள் இருந்து செம்மண் குழம்பு போல் துரு வழிந்து நிலத்தில் விழுந்தது. நண்பர் அதைத் துடைக்கத் துணியைத் தேடினார். அத்தான் அவரது கையைப் பிடித்து நிறுத்திவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, இஞ்ச வா. இது நீ செய்ததில்லை. உறையாமல் இருக்க விடுற மருந்தை நான் பாசி எண்டு நினைச்சுத் திறந்து விட்டனான். அதுக்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி பைப் தண்ணி. பனியில அது கட்டியாகி வெடிச்சு, தண்ணி ஒழுகினதாலதான் கொதிச்சது. நீ மலைக்குக் கொண்டு போகாட்டியும் இது உள்ளுக்க இப்பிடித்தான் இருந்திருக்கும்."

அக்காவின் கையிலிருந்த தட்டு மேசையில் சத்தத்தோடு இறங்கியது. என் பெறாமகள் துருவைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த ஆறுதல் அவள் முகத்தில் வரவில்லை. "எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ரெண்டு கிழமை."

"அதுக்கு முதல் கிடந்த வருசமெல்லாம் நீங்கள் ஒருக்காக்கூட யோசிக்கேல்லையோ, அப்பா? மற்றப் பக்கமா? என்ர பிழையா இல்லாமலும் இருக்கலாம் எண்டு?"

"இல்லை" என்றார் அவர். வேறு எதையும் அதோடு சேர்க்கவில்லை. அவள் வெளியே போனாள். முற்றத்தில் இங்குமங்கும் நடந்தாள். வாடகைக் காரைக் கூப்பிட்டுவிடுவாள் என்றே நான் நினைத்தேன். நண்பர் ஆணிகளை எண்ணுவது போலப் பாவனை செய்தார். அத்தான் துருவுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார். அவள் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன, கோபம் போயிருக்கவில்லை. "தலைப்பகுதி வளைஞ்சது என்னால. ஊசி சிவப்பில நிக்க நிக்கக் கார் ஓடினனான். நிப்பாட்டேல்லை. அதை நானும் சொல்லேல்லை" என்றாள் தரையைப் பார்த்தபடி. அத்தான், "பயந்திட்டியோ?" என்று கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் தலையாட்டினாள். அன்றிரவே சிட்னிக்குத் திரும்பிவிட்டாள். தங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை.

வெடிப்பு உருளைவரை போகவில்லை. டண்டினொங்கிலேயே ஒரு பட்டறையில் அதைத் தைத்துக் கொடுத்தார்கள். வேலை மாதக்கணக்கில் இழுத்தது. அந்த மாதங்களில் தொலைபேசியைத் தகப்பன் எடுத்தால், அவள் உடனே தாயைக் கேட்காமல், "எதுவரைக்கும் வந்திட்டுது?" என்று கேட்கத் தொடங்கினாள். அவர் சொல்லுவார், அவள் கேட்பாள், பிறகுதான் தாய். எல்லாம் ஆறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். இன்றும் அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் வார்த்தைகளைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். அத்தானுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. கார் சிட்னியில் அவளிடம் இருக்கிறது. பழைய கார்ப் பிரியர்கள் அவளிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: காரோடு பிறந்த எஞ்சின்தானா? அவள் ஆம் என்பாள். அவர்கள் இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தியோடு போவார்கள்.

அன்று பட்டறை வேலை முடிந்து, எஞ்சினைத் திரும்ப ஏற்றி முதன்முறை இயக்கிய காலையில் அவள் வந்திருந்தாள். இம்முறை மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டிருந்தாள். அத்தான் சாவியை அவளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே போடுங்கோ. வெடிச்சா இந்த முறை உங்கட பிழை."

"இந்த முறையும் எண்டு சொல்லு, பிள்ளை" என்றபடி அத்தான் சாவியைத் திருகினார்.